சிவப்புக் கோடு கலையவில்லை

நெகானி, மிச்சிகன்
1966 செப்டம்பர் 11, ஞாயிறு

அன்புள்ள ஐலி அக்காவுக்கு ரெய்னோ எழுதுவது.

நானும் ஹெல்மியும் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா? ஃபிளிண்டில் இன்னும் வெயில் அடிக்கிறதென்றால் நீ கொடுத்துவைத்தவள். இங்கே புல் மேல் உறைபனி விழ ஆரம்பித்துவிட்டது.

நீ பார்த்து அனுப்பிய புதுத் துப்பாக்கி வந்து மூன்று வாரம் ஆகிறது. ஒரு தோட்டா வெடித்ததும் அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும் அதிசயத்தைப் பார்க்கத் தெருவே வந்துவிட்டுப் போனது. ஆனால் அக்கா, அதில் ஏதோ சூது இருக்கிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மணல்குழியில் நூறு கஜத்தில் வைத்துச் சுட்டேன். மூன்றும் காப்பி டப்பா மூடிக்குள் விழுந்தன. இன்று அதே இடம், அதே பெட்டித் தோட்டா. மூன்றும் இடப்பக்கம் நாலு விரற்கடை தள்ளிப் போய்விட்டன. போன வாரமும் இதே கதைதான். விசையும் சரியில்லை. முதல் வெடி நான் தயாராவதற்கு முன்பே போய்விடுகிறது. இரண்டாவதற்கு அழுத்தினால் கல் மாதிரி கிடக்கிறது.

யாரோ வேண்டாமென்று திருப்பிக் கொடுத்ததை உன் கடைக்காரர்கள் என் தலையில் கட்டிவிட்டார்களா? கோபித்துக்கொள்ளாதே, கேட்கத்தானே வேண்டும். நவம்பர் பதினைந்தில் மான் வேட்டை திறக்கிறது. போன வருஷம் குடிலுக்கே முதல் இடமான பெரிய பாறையில் உட்கார்ந்திருந்தும் எட்டுக் கிளைக் கொம்பனைத் தவறவிட்டேன். வழக்கப்படி என் சட்டையின் வாலை வெட்டி வேட்டைக் குடிலின் சுவரில் ஆணியடித்தார்கள். கத்தரிக்கோல் பிடித்தவன் என் மச்சான் உர்ஹோ. அப்போது அவன் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. இந்த வருஷமும் தவறினால் பாறை அவனுக்குப் போய்விடும், அதுதான் குடிலின் சட்டம்.

உடனே பதில் போடு.
உன் தம்பி ரெய்னோ


ஃபிளிண்ட்
செப்டம்பர் 17

தம்பி ரெய்னோவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் என்னோடு பேசுவதில்லை, நானும் அதோடு பேசுவதில்லை. மற்றபடி சுகம். ஹெல்மியை விசாரித்ததாகச் சொல்.

உன் தலையில் எதையோ கட்டிவிட்டார்களாம்! அடேய், பதினெட்டு வருஷமாக இந்தக் கடையின் பின்னறையில் துப்பாக்கி பழுது பார்க்கிறேன். அதை நானே இருபது தடவை சுட்டுப் பார்த்துத்தான் பெட்டியில் வைத்தேன்.

விசைக்கு வருவோம். அப்பாவின் பழைய துப்பாக்கியில் ஒவ்வொரு வெடிக்கும் கீழே இருக்கும் நெம்புகோலை இழுக்க வேண்டும். இழுக்கும்போது விரல் தானாக விசையை விட்டுவிடும். புதியதில் அந்த வேலை கிடையாது. ஆனால் சுட்ட பிறகு விரலை முழுக்க முன்னால் விட்டால்தான் விசை மறுபடி பிடித்துக்கொள்ளும். நீ பாதி விட்டு அழுத்துகிறாய். சின்னதாக ஒரு 'க்ளிக்' விரலில் தட்டும், அது தட்டும் வரை விடு.

குறி நகர்வதற்கு: மேலே பூட்டிய, குறி பார்க்கும் ஸ்கோப்பின் திருகுகளை இறுக்கிப் பார். பிறகு இதோடு வரும் குப்பியைத் திற. என் நகப்பூச்சுதான். ஹெல்மி அதெல்லாம் பூசமாட்டாள் என்று தெரியும். ஒவ்வொரு திருகின் தலையிலிருந்தும் அடித்தட்டு வரைக்கும் மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று போடு. திருகு மயிரிழை திரும்பினாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும்.

ஐலி


நெகானி
செப்டம்பர் 26

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் நலம் அறிய ஆவல். ஹெல்மி ஏலக்காய் ரொட்டி சுட்டிருக்கிறாள், பஸ்ஸில் யாராவது வந்தால் கொடுத்தனுப்புவாள்.

கோடு போட்டேன். ஒன்றுகூடக் கலையவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை நடுவில் விழுந்த குறி நேற்று மறுபடி இடப்பக்கம் ஓடிவிட்டது! இது பேய் வேலை இல்லையென்றால் மனுஷன் வேலை.

யாரென்று எனக்குத் தெரியும். போன வாரம் மணல்குழிக்கு உர்ஹோ கூட வந்தான். நான் ஒதுங்கிவிட்டுத் திரும்பினால், துப்பாக்கியைத் தோளில் வைத்து ஸ்கோப் வழியே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

"என்னடா பண்றே?" என்றேன்.

"சும்மா பாக்கறேன் மாப்ளே. பாத்தா தேஞ்சா போயிடும்?"

"சும்மா பாக்கறவனுக்குக் கை எதுக்கு திருகு மேல போகுது?"

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "உனக்கு என்னமோ ஆயிடுச்சு" என்றான். உண்மையான ஆளாக இருந்தால் கோபம் வந்திருக்க வேண்டாமா?

விசையில் 'க்ளிக்' எதுவும் தட்டவில்லை. நீ சொன்னபடி எவ்வளவோ விட்டுப் பார்த்தேன். அந்தத் துப்பாக்கியில் 'க்ளிக்'கே இல்லை.

ரெய்னோ


ஃபிளிண்ட்
அக்டோபர் 1

தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீ சுகம் என்று எழுதுகிறாய், எழுதுகிற விதம் அப்படி இல்லை. பேனாவைப் போட்டு அழுத்தியதில் மூன்று இடத்தில் தாள் கிழிந்திருக்கிறது. யார் மேல் இவ்வளவு கோபம்?

உர்ஹோவை விடு. முப்பது வருஷப் பழக்கம், ஒரே சுரங்கம், ஒரே குடில், உன் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன். அவன் திருகைத் திருப்பியிருந்தால் கோடு சொல்லியிருக்கும். சொல்லவில்லை என்றால் திருப்பவில்லை. அவ்வளவுதான்.

எனக்கு மூன்று கேள்வி இருக்கிறது. மழுப்பாமல் பதில் எழுது. துப்பாக்கியை வீட்டில் எங்கே வைக்கிறாய்? சுட்ட இலக்குத் தாள்களைத் தேதி போட்டு வைத்திருக்கிறாயா? இருந்தால் எல்லாவற்றையும் அனுப்பு. மூன்றாவது, அப்பாவின் நெம்புகோல் துப்பாக்கியைத் தொட்டால் கையை உடைப்பேன் என்று இருபது வருஷம் யாரையும் கிட்டே விடாதவன், அதைக் குடில் சுவரில் மாட்டிவிட்டுத் திடீரென்று புதியது ஏன் கேட்டாய்? கேட்டபோது சந்தோஷத்தில் நானும் யோசிக்கவில்லை. இப்போது யோசிக்கிறேன்.

ஐலி


நெகானி
அக்டோபர் 10

அக்காவுக்கு,

சுகம். இலக்குத் தாள்கள் இதோடு இருக்கின்றன. துப்பாக்கி அதன் இடத்தில்தான் இருக்கிறது. புதியது கேட்டது புதியது வேண்டும் என்பதால்தான். ஊரில் எல்லாரும் வாங்குகிறார்கள்.

நீ உர்ஹோவுக்குப் பரிந்து பேசாதே. நேற்று சர்ச்சில் காப்பி கொடுத்த அவன் பெண்டாட்டியின் விரலைப் பார்த்தேன். அதே சிவப்பு! நீ அனுப்பிய அதே சிவப்பு! திருகைத் திருப்பிவிட்டு மேலே புதுக் கோடு போட எவ்வளவு நேரமாகும்? நான் கேட்டேவிட்டேன், எல்லார் முன்னாலும். அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டான். இனிமேல் அவன் இருக்கும் குடிலில் நான் இல்லை, நான் இருக்கும் குடிலில் அவன் இல்லை. ஹெல்மி இரண்டு வேளையாகப் பேசவில்லை. அழுதிருப்பாள் போலிருக்கிறது. என்னால் என்ன செய்ய முடியும்?

சர்ச் முடிந்து மணல்குழியில் ஒன்றும் நடக்கவில்லை. யாராவது உனக்கு ஏதாவது எழுதினால் நம்பாதே.

குளிர் வந்துவிட்டது. பட்டன் வைத்த கோட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு ஜிப் வைத்தது வாங்கிவிட்டேன். அதுதான் இப்போது நாகரிகமாம்.

ரெய்னோ


ஃபிளிண்ட்
அக்டோபர் 14

ரெய்னோ,

உடம்பைப் பார்த்துக்கொள். அந்தச் சிவப்பு ஒவ்வொரு மருந்துக்கடையிலும் கிடைப்பது. உர்ஹோவின் பெண்டாட்டி அதைப் பூசியதற்காக அவனைத் திருடன் ஆக்கினாயா? வெட்கமாக இல்லை?

ஒன்றும் நடக்கவில்லை என்று நீயாக ஏன் எழுதினாய்? நான் கேட்கவே இல்லையே.

துப்பாக்கியை உறையோடு திங்கட்கிழமை பஸ்ஸில் ஏற்று. துடைக்காதே, எண்ணெய் போடாதே. இருக்கிறபடி அனுப்பு. டிரைவர் ஏரி மேல் உள்ள பாலம் தாண்டி இங்கே கொண்டுவந்து தருவார், நான் பேசிவிட்டேன்.

ஐலி


ஃபிளிண்ட்
அக்டோபர் 25

அன்புள்ள தம்பி,

உனக்கும் ஹெல்மிக்கும் உடல்நலம் உண்டாகட்டும். இன்று நான் கொஞ்சம் நிதானமாக எழுதப் போகிறேன், நீயும் நிதானமாகப் படி.

உன் இலக்குத் தாள்களை மேசையில் பரப்பினேன். வெள்ளிக்கிழமைத் தாள் எல்லாம் நடுவில். ஞாயிற்றுக்கிழமைத் தாள் எல்லாம் இடப்பக்கம். நடுவில் இருப்பது சனிக்கிழமை. நம் ஆட்கள் வீட்டில் சனிக்கிழமை என்ன நடக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இருந்தாலும் துப்பாக்கி வரட்டும் என்று காத்திருந்தேன். உறையைத் திறந்ததும் விசைக் காப்பு வளையத்தில் ஒட்டிக்கொண்டு பிர்ச் மரத்து இலை ஒன்று. சனிக்கிழமை நீராவிக் குளியலில், சவுனாவில், முதுகில் அடித்துக்கொள்ளும் இலைக் கொத்திலிருந்து விழுந்தது. அடே, யாராவது துப்பாக்கியைச் சவுனாவில் வைப்பார்களா? துப்பாக்கியின் மரக்கட்டை நீராவியைக் குடித்து ஊதிப்போய்க் குழலை ஒரு பக்கமாக நெட்டுகிறது. ஞாயிறன்று குறி ஓடுகிறது. வாரம் முழுக்கக் காய்ந்து வெள்ளிக்கிழமை பழைய இடத்துக்கு வந்துவிடுகிறது. இதுதான் உர்ஹோ செய்த சூது.

கட்டையைக் காயவைத்து, இழைத்து, எண்ணெய் ஏற்றிவிட்டேன். இனி நகராது. விசையை நாற்பது தடவை அழுத்திப் பார்த்தேன். ஒரு குற்றமும் இல்லை. 'க்ளிக்' ஒவ்வொரு தடவையும் தட்டுகிறது. என் விரலுக்குத் தட்டுகிறது, ரெய்னோ.

கூடத்துச் சுவரில் துப்பாக்கி மாட்ட மான்கொம்பு இருக்க, அதை ஏன் சவுனாவுக்குக் கொண்டுபோனாய் என்று இரண்டு நாள் யோசித்தேன். உர்ஹோவிடமிருந்து ஒளித்தாயோ என்று நினைத்தேன். பிறகு அப்பா ஞாபகம் வந்தார். அக்கார்டியனைச் சனிக்கிழமை மட்டும்தான் வாசிப்பார், அதுவும் சவுனா முன்னறையில், துண்டோடு உட்கார்ந்து. மற்ற நாளில் கேட்டால் அதட்டுவார். நமக்கு அது விளையாட்டாக இருந்தது. இருபத்தாறு வருஷம் பாறை துளைக்கும் எந்திரத்தைப் பிடித்த கை அது. குளிர்ந்தால் விரல் மெழுகு மாதிரி வெளுத்துவிடும், உணர்ச்சி இருக்காது. சூடு ஏறினால்தான் உயிர் வரும். அவர் கடைசி வரை யாரிடமும் சொல்லவில்லை.

நீ எத்தனை வருஷமாக அந்த எந்திரம் பிடிக்கிறாய்? இருபத்திரண்டா? பட்டன், பேனா, நெம்புகோல், சூட்டில் விசை பழகப் போன சவுனா, எல்லாவற்றையும் நான் எண்ணிவிட்டேன். நீ சொல். உன் வாயால் சொல்.

உன் அக்கா


நெகானி
அக்டோபர் 31

ஐலிக்கு,

சுகம்.
துப்பாக்கி சரியாகிவிட்டதென்றால் திருப்பி அனுப்பு. பதினைந்தாம் தேதிக்கு வேண்டும். என் கைக்கு ஒன்றும் இல்லை. சுரங்கத்தில் இப்படியொரு பேச்சுக் கிளம்பினால் மறுநாளே எந்திரத்திலிருந்து எடுத்து மேலே தரை பெருக்கப் போடுவார்கள். இதைப் பற்றி யாருக்கும் எழுதாதே.

உர்ஹோ வீட்டுத் தபால் பெட்டியில் ஃபிளிண்ட் முத்திரை போட்ட உறை ஒன்று இருந்ததாகத் தபால்காரர் சொன்னார். நீயுமா?

ரெய்னோ


நெகானி
நவம்பர் 3

ஐலி அக்காவுக்கு உர்ஹோ வணக்கம்.

எனக்கு எழுத வராது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கே எல்லாரும் சுகம். உங்கள் முழங்காலுக்குக் கரடிக் கொழுப்பு தடவிப் பார்த்தீர்களா?

மணல்குழியில் அன்றைக்கு என்ன நடந்ததென்று கேட்டிருந்தீர்கள். சர்ச்சில் அவன் கேட்ட கேள்வியால் மனசு ஆறாமல், தனியாகப் பேசலாம் என்று பின்னாலேயே போனேன். அவன் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்திருந்தான். நான் சாப்பாட்டு வாளியைக் கீழே வைத்தேன். துப்பாக்கி வெடித்தது. அவன் குறி பார்க்கவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விரல் விசை மேல் இருந்தது அவனுக்கே தெரியாது. என் காலுக்கு ஒரு சாண் தள்ளி வாளியில் ஓட்டை. உள்ளே இருந்த இறைச்சி அப்பம், பேஸ்டி, தூள்தூள். அதுதான் எனக்கு ஆத்திரம், முழுசாக மாட்டிறைச்சி வைத்தது.

அவன் முகம் செத்துப்போயிற்று. "நீ விசைய என்னமோ பண்ணி வச்சிருக்கே" என்று கத்தினான். "யார்கிட்டயாவது சொன்னே, அவ்வளவுதான்" என்றான். நான் சொல்லவில்லை. இப்போது நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

மற்ற விஷயத்தை அவனே சொல்லட்டும். எனக்குத் தெரியுமா தெரியாதா என்று கேட்காதீர்கள்.

உர்ஹோ


ஃபிளிண்ட்
நவம்பர் 7

ரெய்னோ,

நீ சுகம் என்று இனிமேல் எனக்கு எழுதாதே.

உர்ஹோவுக்கு எழுதியது உண்மை. என்ன கேட்டேன், என்ன பதில் வந்தது என்பதை இங்கே எழுதப் போவதில்லை. உனக்கே தெரியும். அதைப் படித்துவிட்டுக் கடையில் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். ஒரு சாண்! ஹெல்மிக்கு ஒரே அண்ணன்.

துப்பாக்கி இந்த வார பஸ்ஸில் வருகிறது. இனி தோட்டா குறி வைத்த இடத்துக்குத்தான் போகும். ஆனால் அதற்குள் தோட்டாவின் அடியில் குத்துகிற ஊசி இல்லை. கழற்றி, பஞ்சில் சுற்றி, தீப்பெட்டியில் வைத்து உர்ஹோவுக்கு அனுப்பிவிட்டேன். அது இல்லாமல் உன் துப்பாக்கி வெறும் தடி. வேண்டுமானால் போய் அவனிடம் கேள். எதற்குக் கேட்கிறாய் என்பதையும் அவனிடமே சொல்.

திட்டு, பரவாயில்லை. உன் கோபத்தை நான் தாங்கிக்கொள்வேன்.

அக்கா


வேட்டைக் குடில்
நவம்பர் 17, வியாழன்

அன்புள்ள ஐலி அக்காவுக்கு,

எழுத்து வேறாக இருக்கிறதே என்று பயப்படாதே. நான் சொல்கிறேன், உர்ஹோ எழுதுகிறான். (நாந்தான் அக்கா. மெதுவா சொல்லுடான்னா கேக்க மாட்டேங்கிறான்.)

உன் கடிதம் வந்த அன்று உன்னைத் திட்டினேன். மறுநாளும் திட்டினேன். பிறகு துப்பாக்கி வந்தது. திறந்து பார்த்தேன், ஊசி இல்லைதான். ஞாயிற்றுக்கிழமை காலை உர்ஹோ வீட்டு வாசலில் போய் நின்றேன். நல்ல பனி. கதவைத் திறந்தவன் நிலைப்படியிலேயே நின்றுகொண்டான்.

"ஊசி" என்றேன்.

"எதுக்கு?"

கையை மட்டும் நீட்டினேன். அவன் தீப்பெட்டியைத் திறந்து ஊசியை என் உள்ளங்கையில் வைத்தான். நான் விரல்களை மடக்கினேன். "சரி, வர்றேன்" என்று திரும்பினேன்.

"மாப்ளே, எங்க இருக்கு ஊசி?" என்றான்.

"கையிலதான்."

"தொறந்து பாரு."

திறந்தேன். கையில் ஒன்றும் இல்லை. அது எப்போது விழுந்தது என்று எனக்குத் தெரியவில்லை, அக்கா. கையில் இருக்கிறதென்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

உர்ஹோ குனிந்து பனிக்குள் கையை விட்டுத் தேடி எடுத்தான். நான் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். எந்திரம் பிடிக்க ஆரம்பித்த கதையிலிருந்து சொன்னேன்.

"எனக்கு ஆகஸ்டுலயே தெரியும்டா" என்றான். "ரெண்டு கையாலயும் காப்பி டம்ளரப் பிடிச்சுட்டு, வாய்க்குள்ள போகுதான்னு பாத்துப் பாத்துக் குடிக்கிறவன் சுரங்கத்திலயே நீ ஒருத்தன்தான்."

"அப்ப ஏன்டா கேக்கல?"

"கேட்டா நீ என்ன சொல்லியிருப்பே? காப்பியில சூது வச்சேன்னு சொல்லியிருப்பே."

திங்கட்கிழமை குடிலில் எல்லாரும் கூடியதும் எழுந்து நின்று, உர்ஹோ மேல் நான் சொன்னது பொய் என்று சொன்னேன். சட்டையை வெளியே இழுத்துவிட்டு, வாலை வெட்டு என்றேன். "நீ இன்னும் சுடவே இல்லியே" என்றார்கள். "இவனக் குறி வச்சேன், தப்பிப்போச்சு. வெட்டுங்க" என்றேன். கத்தரிக்கோலை எடுத்தேன், பிடி நிற்கவில்லை. உர்ஹோதான் வெட்டினான். இந்தத் தடவை சிரிக்கவில்லை. (கொஞ்சம் சிரிச்சேன்.)

பதினைந்தாம் தேதி பெரிய பாறையில் உன் துப்பாக்கியோடு அவன் உட்கார்ந்தான். நான் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு சதுப்புப் பக்கமிருந்து மான்களை ஓட்டிவந்தேன். பத்துக் கிளைக் கொம்பன் ஒன்று, அக்கா! பாறைக்கு முன்னால் நாற்பது கஜத்தில் வந்து நின்றது. நான் சவுனாவில் அடுப்புக் கதவுக்குக் குறி வைத்துப் பழகியது மாதிரி, அவ்வளவு சுலபம். சுட்டான். இரண்டாவதும் சுட்டான், விசை ஒழுங்காக வேலை செய்தது. மான் வாலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

"துப்பாக்கியில கோளாறு" என்கிறான்!

திருகுகளைப் போய்ப் பார்த்தோம். சிவப்புக் கோடு கலையவில்லை. அவன் சட்டை வாலும் இப்போது என் வாலுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. பாறை யாருக்குமில்லாமல் கிடக்கிறது. எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, அக்கா. முப்பது வருஷத்தில் நாற்பது கஜத்தில் இவன் தவறவிட்டு நான் பார்த்ததே இல்லை. வேண்டுமென்றேதான் விட்டான். (இத நான் எழுத மாட்டேன். எழுதிட்டேன். பொய்.)

வரும் திங்கட்கிழமை சுரங்க டாக்டரிடம் கையைக் காட்டப் போகிறேன். தரை பெருக்கப் போட்டால் பெருக்குகிறேன். உர்ஹோ கூட வருகிறானாம், டாக்டர் அறை வரைக்கும். ஹெல்மி பேசிவிட்டாள். உன் முழங்காலை விசாரித்தாள், உனக்கு ரொட்டி அனுப்புகிறாள்.

கீழே கையெழுத்து மட்டும் நானே போடுகிறேன். தாள் கிழிந்திருந்தால் கோபம் என்று நினைக்காதே.

ரெய்னோ